எங்கோ ஒரு கை எழுதியது

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 14. வாஷிங்டனில் இருந்த அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு அன்று ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பேரிடமிருந்து காகிதங்கள் வந்து சேர்ந்தன. மனிதக் குரலைக் கம்பி வழியே அனுப்புவது எப்படி என்பதுதான் விஷயம். ஒன்று அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லின் விண்ணப்பம். மற்றது எலிஷா கிரே என்ற கண்டுபிடிப்பாளரின் முன்னறிவிப்பு மனு. எது முதலில் வந்தது, யார் யாருடையதைப் பார்த்தார் என்று அந்த ஒரு நாளைப் பற்றி எழுந்த வழக்குகளும் வாதங்களும் ஓயப் பல காலம் ஆயிற்று. காப்புரிமை பெல்லுக்குப் போனது. தொலைபேசி என்றால் பெல் என்றாகிவிட்டது. வேறொருவராக இருந்தால் கம்பியும் மின்சாரமும் வேண்டாம் என்று கும்பிடு போட்டிருப்பார். கிரே வேறு மாதிரி யோசித்தார். குரல் கைவிட்டுப் போயிற்று. கம்பி வழியே அனுப்ப மனிதனிடம் வேறு என்ன இருக்கிறது?

கை இருந்தது. கையெழுத்து இருந்தது. தந்தியில் வரும் செய்தி எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புள்ளியும் கோடும்தான். அதில் எழுதியவரின் அடையாளம் கிடையாது. ஒரு ஊரில் பென்சில் நகர்ந்தால் அதே கணத்தில் இன்னொரு ஊரில் ஒரு பேனா அப்படியே நகர வேண்டும் என்று கிரே ஆசைப்பட்டார். அனுப்பும் பக்கத்தில் இருந்த பென்சிலை இரண்டு திசைகளில் இரண்டு நூல்களோடு கட்டினார். பென்சில் எப்படி வளைந்தாலும் அந்த வளைவு இரண்டு நூல்களின் இழுப்பாகப் பிரிந்தது. இழுப்பு மின்துடிப்பானது. மறுமுனையில் அந்தத் துடிப்புகள் ஒரு பேனாவை இரண்டு திசைகளில் இழுத்தன. 1888இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. டெலாட்டோகிராஃப் என்று பெயரிட்டு, 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அதை மக்கள் முன் வைத்தார். எங்கோ ஒரு கை எழுத, இங்கே யாரும் தொடாத பேனா காகிதத்தில் ஊர்ந்தது.

பிறகு அது வங்கிகளுக்குப் போனது, ரயில் நிலையங்களுக்குப் போனது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்ற தகவலைக் கையெழுத்தாகவே அனுப்பினார்கள். ஆனாலும் அதில் ஒரு குறை கடைசிவரை தீரவில்லை. ஒருவர் எழுதுவார், மற்றவர் பார்ப்பார். பார்ப்பவருக்கு அந்த வரியில் ஒரு திருத்தம் தோன்றினால், அனுப்பியவரின் தாளில் அதைப் போட வழியில்லை. இங்கே ஒரு தாள், அங்கே ஒரு தாள். இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு கைகள் ஒரே தாளைத் தொடுவது எப்படி? 1901இல் கிரே இறந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்கவே யாரும் இல்லை.

1945இல் பிலிப்பைன்ஸின் லேய்ட்டே தீவில், அமெரிக்கக் கடற்படையின் ரேடார் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் ஊர் திரும்பும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்தார். 20 வயது. பெயர் டக்ளஸ் எங்கெல்பர்ட். கால்கள் நட்டு உயர்த்திக் கட்டிய ஒரு குடிசையில் செஞ்சிலுவைச் சங்கம் சிறு நூலகம் நடத்தியது. பொழுது போகாமல் அங்கே போனவர் கையில் வானெவர் புஷ் என்ற அறிவியலாளரின் கட்டுரை சிக்கியது. மனிதன் சேர்த்துவைத்த அறிவு மலையாகிவிட்டது, அதில் தேடி எடுக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்று புஷ் எழுதியிருந்தார். எங்கெல்பர்ட் அதைப் படித்துவிட்டு வைத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, நிலையான வேலையும் நிச்சயமான திருமணமுமாக வாழ்க்கை அமைந்துவிட்ட நேரத்தில், இனி வாழ்நாள் முழுக்க என்ன செய்வது என்ற கேள்வி அவரைப் பிடித்தது. அப்போது அந்தக் குடிசை வாசிப்பு முளைவிட்டது. ரேடார் திரையில் புள்ளிகள் தோன்றுவதைப் பார்த்துப் பழகியவர் அவர். அப்படி ஒரு திரைக்கு முன் பலர் உட்கார்ந்து, ஒன்றாகச் சிந்தித்தால்? அன்றைய கணினிகளில் திரை என்பதே அபூர்வம். கேட்டவர்கள் பலருக்கும் இது கனவுப் பேச்சாகத்தான் பட்டது.

எங்கெல்பர்ட் தன் கனவுக்கு ஆதரவு தேடி அலைந்த காலத்தில், 1958 வாக்கில், சிகாகோவின் தெற்குப் பகுதியில் 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. கிளாரன்ஸ் எல்லிஸ். தாய் தனியாக வளர்த்த ஐந்து பிள்ளைகளில் ஒருவன். டோவர் என்ற நிறுவனத்தில் புதிதாக வாங்கிய கணினியை இரவு முழுக்கக் காவல் காக்க வேண்டும். வெற்றிடக் குழாய்களால் ஆன பெரிய இயந்திரம். அவனுக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: எதையும் தொடக் கூடாது. தொடவில்லை. ஆனால் பக்கத்தில் அடுக்கியிருந்த கையேடுகளைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆளில்லாத இரவுகளில் அவன் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படித்தான்.

ஒரு நாள் அந்த நிறுவனத்தில் நெருக்கடி. அவசர வேலை இருந்தது. கணினிக்குத் தரவு ஊட்டும் துளை அட்டைகள் தீர்ந்துபோயிருந்தன. ஒருமுறை துளையிட்ட அட்டையை மறுபடி பயன்படுத்த முடியாது, பிழை என்று இயந்திரம் தள்ளிவிடும். பெரியவர்கள் கையைப் பிசைந்தார்கள். இரவுக் காவல்காரப் பையன் முன்னால் வந்தான். பிழையைச் சரிபார்க்கும் அந்தச் சுற்றை அணைத்துவைக்க வழி இருக்கிறது, அணைத்துவிட்டால் பழைய அட்டையிலேயே புதுத் துளை போடலாம் என்றான். கையேட்டில் படித்திருந்தான். சொன்னபடி நடந்தது. அதன் பிறகு இயந்திரத்தில் சந்தேகம் வந்தால் அவனைத் தேடினார்கள். அந்தப் பையனுக்கு இந்தக் கதையில் இன்னும் பெரிய வேலை இருந்தது; அதற்கு 31 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

கதைக்குத் தேவையான ஒரு சரடு இமயமலைப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா நேபாளத்துக் கிராமங்களில் கள ஆய்வு செய்தவர். கண்டதும் கேட்டதுமாகக் குவிந்த குறிப்புகளை என்ன செய்வதென்று திணறியபோது, ஒரு குறிப்புக்கு ஒரு சீட்டு என்று எழுதித் தரையில் பரப்பினார். வகை முன்கூட்டி வைத்துக்கொள்ளவில்லை. எந்தச் சீட்டு எந்தச் சீட்டோடு சேர விரும்புகிறது என்று பார்த்து நகர்த்தினார். கூட்டங்கள் தாமாக உருவாயின. 1960களில் அது அவர் பெயரின் முதலெழுத்துகளால் ‘கேஜே முறை’ என்று ஜப்பானிய அலுவலகங்களில் பரவியது. ஆனால் காற்றடித்தால் சீட்டுகள் பறக்கும், சுவரில் ஒட்டினால் பிறகு நகர்த்த முடியாது. நகர்த்தவும் வேண்டும், ஒட்டவும் வேண்டும். அப்படி ஒரு பசை அப்போது எங்கும் விற்கவில்லை.

1968இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மினசோட்டாவில் இருந்த 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் வலுவான பசை ஒன்றைச் செய்ய முயன்று, வலுவற்ற பசை ஒன்றைச் செய்துவிட்டார். ஒட்டியது; இழுத்தால் வந்தது; மறுபடி ஒட்டியது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை, நிறுவனத்துக்கும் தெரியவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாட்டு அரங்கின் மேடையில், காதில் மாட்டிப் பேசும் கருவியோடு எங்கெல்பர்ட் உட்கார்ந்தார்.

அரங்கில் சுமார் 1,000 பேர். எங்கெல்பர்ட்டின் கணினி அரங்கில் இல்லை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தது. படம் நுண்ணலை வழியே வந்தது. கட்டளை தொலைபேசிக் கம்பி வழியே போனது. ஏதாவது ஓர் இணைப்பு அறுந்தால் போதும், பல ஆண்டு உழைப்பு ஆயிரம் பேர் முன்னால் சந்தி சிரித்துவிடும். பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சுட்டெலியை அன்றுதான் உலகம் பார்த்தது. தொட்டால் வேறு பக்கத்துக்குத் தாவும் இணைப்புச் சொற்களையும் பார்த்தது. எனக்கு அன்றைய நிகழ்ச்சியின் உச்சம் வேறிடத்தில்தான் இருக்கிறது. 90 நிமிட நிகழ்ச்சியில் ஒரு கட்டத்தில், மென்லோ பார்க்கில் இருந்த சகா பில் பாக்ஸ்டனின் முகம் திரையின் மூலையில் தோன்றியது. இருவருக்கும் முன்னால் ஒரே ஆவணம். அதன்மேல் இரண்டு சுட்டிகள் நகர்ந்தன. ஒன்று மேடையில் இருந்தவருடையது, மற்றது 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவருடையது.

இணைப்பு அறவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் திரையை ஆளும் உரிமை எங்கெல்பர்ட் கையில்தான் இருந்தது. பாக்ஸ்டன் சுட்டிக்காட்டலாம், அவ்வளவே. இரண்டு பேரும் ஒரே வரியை ஒரே நொடியில் மாற்ற முற்பட்டால் என்ன ஆகும் என்பதை அந்த மேடை தொடவில்லை. தொடுவதற்குள் எங்கெல்பர்ட்டின் அணி கரைய ஆரம்பித்தது. பணம் வற்றியது, நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து ஊரான பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் தொடங்கிய புதிய ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். 1970களின் பிற்பாதியில் எங்கெல்பர்ட்டின் ஆய்வே வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது.

சில்வரின் பசை இதற்கிடையில் ஒரு தேவாலயத்தில் விமோசனம் கண்டது. ஆர்ட் ஃப்ரை என்ற 3எம் ஊழியர் பாடகர் குழுவில் பாடுவார். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கும் காகிதத் துண்டுகள் நழுவி விழுந்துகொண்டே இருந்தன. 1974இல் ஒரு நாள் சில்வரின் அந்த உதவாத பசை அவருக்கு நினைவுக்கு வந்தது. சோதனைக்குப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கிடைத்த காகிதம் மஞ்சள் நிறம். அதனால் துண்டுகள் மஞ்சளாயின. முதலில் சில நகரங்களில் விற்றுப் பார்த்தபோது யாரும் சீந்தவில்லை. இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் மறுபடி கேட்டார்கள். 1980இல் அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தது. ஒட்டவும் நகர்த்தவும் முடிகிற சீட்டு அலுவலகச் சுவர்களை நிறைத்தது. அறைக்குள் இருப்பவர்களுக்கு அது போதும். அறைக்கு வெளியே இருப்பவர்களின் பாடு?

1980களின் நடுவில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் மார்க் ஸ்டெஃபிக்கும் சகாக்களும் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். உலகின் மிகச் சிறந்த கணினிகள் அவர்கள் மேசையில் இருந்தன. ஆனாலும் கூட்டம் என்றதும் கணினியை விட்டுவிட்டு எல்லாரும் கரும்பலகையைத் தேடி எழுந்து போனார்கள். எனவே பலகையையே கணினியாக்க ஓர் அறையைக் கட்டினார்கள். கோலேப் என்று பெயர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கணினி, எதிரே பெரிய திரை. ஒருவர் பார்ப்பதையே அனைவரும் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அந்தச் சட்டம் ரகளையாயிற்று. ஒருவர் பக்கத்தை மேலே உருட்ட, இன்னொருவர் கீழே உருட்ட, உருட்டல் போர் மூண்டது. எல்லாருடைய சுட்டிகளையும் எல்லாருக்கும் காட்டிப் பார்த்தார்கள். கவனம் சிதறுகிறது என்று கைவிட்டார்கள். அவர்கள் தூக்கிப்போட்ட அந்தச் சுட்டிகள் திரும்பி வரும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

கோலேப் அறையிலும் எங்கெல்பர்ட் மேடையின் அதே முள் உறுத்தியது. இரண்டு பேர் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் தொட்டால்? தரவுத்தளக்காரர்கள் இதற்குப் பூட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் திருத்தும்போது மற்றவருக்குக் கதவு மூடியிருக்கும். வங்கிக் கணக்குக்கு அது சரி. பேசிக்கொண்டே எழுதும் மனிதர்களுக்குக் கதவு திறக்கக் காத்திருப்பது வேலையையே நிறுத்துவதாகும். பூட்டும் வேண்டாம், குழப்பமும் வேண்டாம் என்றால் வழி என்ன? வழியைச் சொன்னவர் இப்போது டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். கையேடு படித்த அதே கிளாரன்ஸ் எல்லிஸ்.

அவர் 1969இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். கணினி அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஆஸ்டினுக்கு வந்திருந்தார். 1989இல் சைமன் கிப்ஸ் என்ற சகாவோடு ஒரு கட்டுரை எழுதினார். குரோவ் என்ற தங்கள் மென்பொருளைப் பற்றியது. அதன் கரு இது: ஒரு வரியில் 10ஆவது எழுத்தை ஒருவர் அழிக்கிறார். அதே நொடியில் வேறு ஊரில் இருப்பவர் 3ஆவது இடத்தில் ஒரு புதிய எழுத்தைச் சேர்க்கிறார். ‘10ஐ அழி’ என்ற செய்தி அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது அங்கே பழைய 10 இப்போது 11 ஆகியிருக்கும். சொன்னதை அப்படியே செய்தால் தவறான எழுத்து போகும். ஆகவே வந்த கட்டளையை அங்கே நடந்துவிட்ட மாற்றத்துக்கு ஏற்பத் திருப்பி, ‘11ஐ அழி’ என்றாக்கிச் செயல்படுத்த வேண்டும். யாரும் காத்திருக்க வேண்டாம். அவரவர் எழுதலாம். கடைசியில் எல்லாத் திரையிலும் ஒரே வரிதான் நிற்கும்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் எல்லிஸ்தான். எங்கெல்பர்ட் பெயர் பாடப்புத்தகங்களுக்கு வந்துவிட்டது. எல்லிஸின் யோசனையை ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். பெயரைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் அந்த யோசனைக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. 1990களில் ஆய்வாளர்கள் அதைத் தோண்டித் துருவியபோது, கட்டளைகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் குறுக்கே குறுக்கே வந்தால், இரண்டு திரைகளும் வெவ்வேறாக முடிந்துவிடும் என்று கண்டார்கள். கணிதத்தில் ஓர் ஓட்டை. 1995இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்து ஜூபிடர் என்ற திட்டத்தில் ஓர் எளிய வழி கிடைத்தது. எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டாம், நடுவில் ஒரு கணினியை வைப்போம், ஒவ்வொருவரும் அதனோடு மட்டும் ஒத்துப்போனால் போதும் என்றார்கள். எல்லிஸின் யோசனை பிழைத்தது.

எழுத்துக்கு வழி பிறந்தது. படத்துக்கு? ஜான் டாங், ஸ்காட் மின்னமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜெராக்ஸில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். வடிவமைப்பாளர்கள் தாளைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்வதைப் படம்பிடித்துப் பார்த்தபோது, முடிந்த படத்தைவிட வரையும் கையின் அசைவுதான் அதிகம் பேசுகிறது என்று அவர்களுக்குப் பட்டது. 1990 வாக்கில் வீடியோடிரா என்ற அமைப்பைச் செய்தார்கள். இரண்டு அறைகளில் இரண்டு திரைகள். திரைக் கண்ணாடியின் மேலேயே பேனாவால் வரைய வேண்டும். மேலிருந்த கேமரா கோட்டோடு கையையும் சேர்த்து மறு அறைக்கு அனுப்பியது. இரண்டு கைகளும் ஒரே படத்தில் சேர்ந்துவிட்டன! ஆனால் ஒருவர் போட்ட கோட்டை மற்றவரால் அழிக்க முடியவில்லை. மை அந்த ஊர்க் கண்ணாடியில் அல்லவா இருந்தது.

ஜப்பானில் என்டிடி தொலைபேசி நிறுவனத்தில் ஹிரோஷி இஷியும் மினோரு கொபயாஷியும் 1992இல் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருப்பதுபோலவும் இருபுறமிருந்தும் அதன்மேல் வரைவது போலவும் கிளியர்போர்டைச் செய்தார்கள். எதிரில் இருப்பவர் முகமும் தெரிந்தது, அவர் படத்தின் எந்த மூலையைப் பார்க்கிறார் என்பதும் தெரிந்தது. உண்மைக் கண்ணாடியில் எதிர்ப்பக்கத்து எழுத்து திரும்பித் தெரியும். இங்கே பிம்பத்தைப் புரட்டி அதையும் சரிசெய்தார்கள். அற்புதமான கருவி. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அது வந்து சேரவில்லை.

அதே சமயம் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சனும் ஸ்டீவன் மெக்கேனும் ‘டபிள்யூபி’ என்று இரண்டே எழுத்தில் பெயர் கொண்ட ஒரு மென்பொருளை எழுதினார்கள். இணையத்தில் பலர் சேர்ந்து வரையும் பலகை. வழியில் ஒரு கோடு தொலைந்துபோனால் அதை மறுபடி கேட்டு வாங்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்டால் அனுப்பியவர் மூச்சுத் திணறிப்போவார். அதனால் கோடு கிடைக்காதவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு அளவாகச் சிறிது நேரம் பொறுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதற்குள் வேறு யாராவது கேட்டுவிட்டால் இவர் வாய் திறக்கத் தேவையில்லை. கோடு யாரிடம் இருந்தாலும் அவர் கொடுக்கலாம். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கூட்டங்களில் இதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் இது ஓட, ஒரே செய்தியைப் பலருக்கு ஒருசேரப் பிரித்துத் தரும் தனி ஏற்பாடு வலையமைப்பில் இருக்க வேண்டியிருந்தது. பொது இணையம் அந்த ஏற்பாட்டைக் கடைசிவரை ஏற்கவில்லை. பலகை ஆய்வகங்களோடு நின்றுபோனது.

1996இல் மைக்ரோசாஃப்ட் நெட்மீட்டிங் என்ற மென்பொருளில் வரைபலகை ஒன்றை வைத்து உலகத்துக்கே கொடுத்தது. நிறுவ வேண்டும், அலுவலகப் பாதுகாப்புச் சுவரைத் தாண்ட வேண்டும், தொலைபேசி இணைப்பின் வேகத்தில் தவழ வேண்டும். சிலர் ஒருமுறை திறந்து பார்த்து மூடினார்கள்.

விடிவு யாரும் எதிர்பாராத மூலையிலிருந்து வந்தது. 2004இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினியில் கடிகாரம், வானிலை போன்ற சின்னஞ்சிறு நிரல்களைக் காட்ட விரும்பி, உலாவிக்குள் படம் வரைய ‘கேன்வாஸ்’ என்ற ஒரு துணியைச் சேர்த்தது. சின்னக் கடிகாரம் வரைய வந்த துணியை மற்ற உலாவிகளும் ஏற்றன. 2006இல் கூகுள் ரைட்லி என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, உலாவிக்குள்ளேயே பலர் சேர்ந்து எழுதும் ஆவணத்தைப் பொதுவாக்கியது. பின்னாளில் அதற்குள் எல்லிஸின் யோசனை, ஜூபிடர் காட்டிய வழியில், குடிபுகுந்தது. 2011 டிசம்பரில் வெப்சாக்கெட் தரமாக அறிவிக்கப்பட்டது. அதுவரை உலாவி அடிக்கடி போய் ‘ஏதாவது வந்ததா’ என்று கேட்க வேண்டியிருந்தது. இனி இணைப்பு திறந்தே இருக்கும், வந்தவுடன் வந்துவிடும். வரையத் துணி இருந்தது, பேசக் கம்பி இருந்தது, சண்டை தீர்க்கக் கணிதம் இருந்தது. மூன்றையும் ஒன்றாகக் கட்ட ஓர் அவசரக்காரர் வேண்டும்.

இருவர் வந்தார்கள், அதுவும் ஒரே ஆண்டில், பூமியின் இரண்டு கோடிகளிலிருந்து. ரஷ்யாவில் யூரல் மலையடிவாரத்துப் பெர்ம் நகரில் ஆண்ட்ரே குசித் ஒரு வடிவமைப்பு நிறுவனம் நடத்தினார். வெளியூர் வாடிக்கையாளருக்கு யோசனையைப் படம் போட்டு விளக்க வேண்டும்; பலகையோ அவர் அறையில் இருந்தது. அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் மரியானோ சுவாரஸ்-பட்டான் விளையாட்டு மென்பொருள் தயாரிப்பவர். அவருடைய நிறுவனம் 2010இல் விலைபோய், வாங்கிய நிறுவனமும் அதே ஆண்டில் டிஸ்னிக்குப் போனது. தூரத்தில் இருக்கும் கூட்டாளிகளோடு விளையாட்டின் காட்சிகளை அடுக்கிப் பார்க்க வழியின்றித் தவித்த அனுபவம் அவருக்கு இருந்தது. 2011இல் குசித் ரியல்டைம்போர்டு என்று தொடங்கினார். சுவாரஸ்-பட்டான் இரண்டு நண்பர்களோடு முரால் என்று தொடங்கினார்.

திரை முழுக்க எல்லையில்லாத வெள்ளைப் பரப்பு. அதில் மஞ்சள் சதுரங்கள், கவாகிதாவின் சீட்டுகளைப்போலக் கூடிப் பிரிந்தன. கோலேப் தூக்கிப்போட்ட சுட்டிகள் பெயரையும் நிறத்தையும் மாட்டிக்கொண்டு திரும்பி வந்து ஊர்ந்தன. உருட்டல் போர் ஓய்ந்தது; அவரவர் விரும்பிய மூலையை அவரவர் பார்க்கலாம், தேவையென்றால் ஒருவர் பின்னால் மற்றவர்கள் போகலாம். சீட்டுகள் தனித்தனிப் பொருள்கள் என்பதால், எழுத்தில் வந்த சிக்கல்கூட இங்கே பெரும்பாலும் எழவில்லை. ஒரே சீட்டை இருவர் இழுத்தால்தான் யாருடையது கடைசி என்று பார்க்க வேண்டும். உலகமெங்கும் அலுவலகக் கூட்டங்களில் இன்று திறந்து வைத்திருக்கும் ஆன்லைன் ஒயிட்போர்டு இப்படித்தான் பிறந்தது. 2019இல் ரியல்டைம்போர்டு, ஓவியர் ஜோன் மிரோவை நினைத்து, மிரோ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அதுவரை அது வடிவமைப்பாளர்களின் கருவிதான். 2020 மார்ச் 11இல் உலக சுகாதார நிறுவனம் கோவிட் பரவலைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அலுவலகங்கள் பூட்டப்பட்டன, பாதி முடிந்த திட்டங்கள் சுவர்களில் மஞ்சள் சீட்டுகளாக உள்ளே மாட்டிக்கொண்டன. ஆசிரியர்கள், செவிலியர் பயிற்சியாளர்கள், மென்பொருள் அணிகள் என்று பலரும் இந்தப் பலகைக்கு வந்தார்கள். 2022 ஜனவரியில் மிரோவின் பயனர்கள் 3 கோடியைத் தொட்டிருந்தார்கள். நிறுவனத்தின் மதிப்பு 1,750 கோடி டாலராகக் கணிக்கப்பட்டது. அடுத்த மாதமே ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. மிரோ தான் பிறந்த பெர்மில் இருந்த அலுவலகத்தை மூடியது. தொலைவில் இருப்பவர்களுக்காகப் பலகை செய்தவர்கள் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது.

பெரிய கைகள் எல்லாம் இதில் வெல்லவில்லை. கூகுள் 2016இல் அறிவித்த ஜாம்போர்டு, 55 அங்குலத் தொடுதிரையோடு வந்து, 2024 இறுதியில் விடைபெற்றது. அதற்கு மாறாக, 2020 புத்தாண்டு நாளில் கிறிஸ்டஃபர் ஷெடோ என்ற பொறியாளர் விளையாட்டாகத் தொடங்கிய எக்ஸ்காலிட்ரா, திறந்த மூல மென்பொருளாக வளர்ந்தது. அதில் போடும் கோடு வேண்டுமென்றே சற்று நடுங்கும், கையால் போட்டதுபோல. கோடு கச்சிதமாக இருந்தால் மற்றவர்கள் திருத்தத் தயங்குவார்கள். நடுங்கும் கோட்டில் யாரும் கை வைப்பார்கள். மிகச் சரியான முடிவு என்பது என் எண்ணம்.

ஹிரோஷி இஷியின் கண்ணாடி மட்டும் இன்னும் வரவில்லை. இன்றைய கூட்டத்தில் பலகை ஒரு சாளரத்தில் இருக்கிறது, முகங்கள் இன்னொரு சாளரத்தில் இருக்கின்றன. கேமரா திரைக்கு மேலே இருப்பதால், பேசுகிறவரின் கண் எந்தச் சீட்டில் நிற்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. டாங்கும் மின்னமனும் பார்த்த அந்தப் பேசும் கை, பெயர் எழுதிய ஓர் அம்புக்குறியாகச் சுருங்கியிருக்கிறது. கையையும் கண்ணையும் பலகைக்குள் கொண்டுவரும் வேலை 1992இல் நின்ற இடத்திலிருந்து இன்னும் வெகுதூரம் நகரவில்லை. அதை முடிக்கப்போகிறவர் எந்த ஊரில், எந்த இரவுக் காவலில், எந்தக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாரோ!